பழைய பிஎஸ்ஏ-வுக்கு மேக்னெட்டோவா, எலெக்ட்ரானிக்கா?

என்னிடம் இருப்பது 1955 பிஎஸ்ஏ கோல்டன் ஃபிளாஷ் மோட்டார் சைக்கிள், 646 சிசி. காலையில் சுலபமாகக் கிளம்பும். சூடானபின் நிறுத்தினால், எவ்வளவு உதைத்தாலும் அசையாது. கார்புரேட்டர்தான் என்றார்கள் நண்பர்கள். எனக்கு நம்பிக்கையில்லை. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அதன் உடல் இன்ஜினைத் தொடும்படி வைத்து உதைத்துப் பார்த்தேன். குளிரில் பளிச்சென்ற நீலப் பொறி. சூட்டில் மங்கிய மஞ்சள். இதில் பொறிக்கான மின்சாரத்தைக் காந்தத்தைக் கொண்டு தானே உண்டாக்குவது மேக்னெட்டோ. அதன் ஆர்மேச்சருக்குள் (சுழலும் கம்பிச்சுருள்) இருக்கும் கண்டன்சர் (மின்சாரத்தைச் சற்றுத் தேக்கிவைக்கும் பாகம்) வயதாகி, சூட்டில் மின்சாரத்தைக் கசியவிடுகிறது.

மேக்னெட்டோவுக்குப் பதில், பொறியை மின்னணு முறையில் உண்டாக்கும் எலெக்ட்ரானிக் இக்னிஷன் போடலாமா? பாயின்ட் (பொறிக்காகத் திறந்து மூடும் தொடுமுனைகள்) தேயாது, டைமிங் (பொறி விழும் நேரம்) நகராது. ஆனால் அதற்கு நல்ல பேட்டரி வேண்டும். இந்த வண்டியில் இருப்பதோ 6 வோல்ட், 60 வாட் டைனமோ. ஹெட்லைட்டோடு மெதுவாகப் போனாலே பேட்டரி இறங்கும். மேக்னெட்டோவுக்கு பேட்டரியே தேவையில்லை. (12 வோல்ட் ஆல்டர்னேட்டர் உள்ள 1960களின் பிற்பகுதி டிரையம்ப் என்றால் யோசிக்காமல் எலெக்ட்ரானிக்தான்.)

ஆர்மேச்சரைப் புதிதாகச் சுற்றி, கண்டன்சரை மாற்றி, காந்தத்துக்கும் மறுபடி காந்தமேற்றி வாங்கினேன். செலவு கையைக் கடித்தது. பாயின்ட் இடைவெளி 0.012 அங்குலம். இப்போது சூட்டிலும் பிடிக்கிறது. ஆர்மேச்சரிலிருந்து மின்சாரத்தை வெளியே எடுக்கும் வளையமான ஸ்லிப் ரிங்கை மட்டும் அவ்வப்போது துடைக்கிறேன்.