உழைக்கிற உடம்புக்கும் மாரடைப்பு வரும்

"உழைக்கிற உடம்பு, நமக்கெல்லாம் மாரடைப்பு வராது." கடலூரின் மீனவக் கிராமமான தேவனாம்பட்டினத்திலும் சரி, முந்திரி உடைக்கும் பண்ருட்டிப் பக்கமும் சரி, அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. முதல் தவறே இதுதான். மாரடைப்புக்கு வழிவிடுகிற பிரஷர் (ரத்த அழுத்தம்) வலை இழுக்கிறவருக்கும் ஏறும். பீடி, தூக்கம் கெட்ட ராத்திரிகள், கருவாடும் ஊறுகாயும் தொட்டுக்கொண்டு குடிக்கிற கஞ்சி எல்லாம் சேர்ந்து ஏற்றிவிடும். ஒரு நாளைக்கு ஒருவருக்கு உப்பு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூனுக்குள் இருக்க வேண்டும். கருவாட்டை நன்றாக ஊறவைத்துக் கழுவுங்கள், குழம்பை ருசி பார்த்த பிறகு உப்புப் போடுங்கள்.

பிரஷர் ஏறினால் பெரும்பாலும் வலி எதுவும் இருக்காது, அளந்து பார்த்தால்தான் தெரியும். 30 வயது ஆகிவிட்டால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிரஷரும் சர்க்கரையும் பார்த்துக்கொள்ளுங்கள், காசு கிடையாது.

அடுத்த தவறு, பிரஷர் அளவு சரியானதும் மாத்திரையை நிறுத்துவது. அளவு சரியாக இருப்பதே மாத்திரையால்தான். 2021-இல் தொடங்கிய தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. கூலியை விட்டுவிட்டு வரிசையில் நிற்க முடியாதவர்கள் அவசியம் பெயர் கொடுங்கள்.

உயிரையே பறிக்கிற தவறு, நெஞ்சு வலியை வாய்வு என்று நினைத்து சோடா குடித்துவிட்டுப் படுப்பது. நடு நெஞ்சில் அழுத்தம், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, குப்பென்று வியர்வை வந்தால் தாமதிக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். பைக்கில் உட்கார வைத்துக் கொண்டுபோக வேண்டாம். பெண்களுக்கு மூச்சுத் திணறலும் குமட்டலும் அசதியும் மட்டுமே வரலாம். "வேலை அலுப்பு" என்று அவர்களே ஒதுக்கிவிடுகிறார்கள், வீட்டிலும் யாரும் கேட்பதில்லை. இது எனக்குப் பெரிய ஆதங்கம்.

அப்புறம், மருத்துவ முகாம் நடத்துகிறவர்களுக்கு. காலை பத்து மணிக்கு முகாம் போட்டால் மீன் விற்கிற அம்மா எப்படி வருவார்? கூலிக்குப் போனவர் எப்படி வருவார்? வசதியும் நேரமும் உள்ளவர்களையே திரும்பத் திரும்பப் பரிசோதித்துவிட்டு, "மக்களுக்கு அக்கறை இல்லை" என்று சொல்வது நியாயமில்லை. கடலூர் முதுநகர் துறைமுகத்துக்கே போங்கள். குடியிருப்புகளில் சாயங்காலம் வையுங்கள். பிரஷர் 160/100 என்று சீட்டில் எழுதிக் கொடுத்ததோடு விட்டுவிடாமல், அந்தப் பெயர்களைக் கிராம சுகாதார செவிலியரிடம் ஒப்படைத்து, அடுத்த வாரம் அவர்கள் சிகிச்சைக்குப் போனார்களா என்று விசாரியுங்கள்.