வீட்டு சைக்கிள், ரோட்டு சைக்கிள்: இரண்டையும் ஓட்டுவது எப்படி?

நான் திருச்சி உறையூரில் இருக்கிறேன். அஞ்சலகத்தில் கவுண்டர் வேலை. காலையில் உட்கார்ந்தால் சாப்பாட்டு நேரம் தவிர மாலைவரை நாற்காலிதான். அதனால் வாரநாட்களில் ஹாலில் கிடக்கும் எக்சர்சைஸ் சைக்கிள், ஞாயிற்றுக்கிழமை காவிரிக்கரை ரோடு என்று இரண்டையும் ஓட்டுகிறேன். பார்ப்பவர்கள் கேட்பது ஒரே கேள்விதான்: "எது நல்லதுக்கா?"

இரண்டும் ஒரே உடற்பயிற்சி இல்லை என்பதுதான் என் பதில். கால் சுற்றுவது மட்டும்தான் பொது. ஒன்றில் பழகியதை அப்படியே இன்னொன்றுக்குக் கொண்டுபோனால் முட்டி நோகும், இல்லையென்றால் ரோட்டில் தடுமாற்றம் வரும்.

ரோட்டில் ஓட்டும்போது நாம் நினைப்பதைவிட அதிகமாகக் கால் ஓய்வெடுக்கிறது. பாலத்து இறக்கம், வேகத்தடை, குறுக்கே வரும் ஆட்டோ, சிக்னல் என்று மிதி விட்டுவிட்டுத்தான் நடக்கும். வீட்டு சைக்கிளில் அந்த ஓய்வு கிடையாது. அரை மணி என்றால் அரை மணியும் மிதிதான். அப்புறம் காற்று. வெளியே முகத்தில் அடிக்கும் காற்று வியர்வையை உலர்த்தி உடம்பைக் குளிர வைக்கிறது. ஹாலில் வியர்வை சொட்டும், ஆனால் உலராது. உடம்பைக் குளிர்விக்க இதயம் தோலுக்குக் கூடுதல் ரத்தம் அனுப்ப வேண்டியிருப்பதால், அதே அளவு மிதிக்கு நாடித்துடிப்பு அதிகம் ஏறும். அதை வைத்துக் கூடுதலாக உழைத்துவிட்டோம் என்று நினைக்க வேண்டாம். அதில் ஒரு பங்கு சூட்டோடு மல்லுக்கட்டியதற்குப் போனது.

வாங்கும்போது

இன்னும் வாங்காதவர்களுக்கு மட்டும் இது. முதுகு சாய்த்து, கால் முன்னால் நீட்டி ஓட்டுகிற மாதிரி உண்டு. இடுப்பு வலி உள்ளவர்களுக்கும் வயதானவர்களுக்கும் அது வசதி. நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டும் சாதாரண வண்டி வீட்டில் பலர் மாறி மாறி ஓட்ட ஏற்றது. ஸ்பின் பைக் என்கிறார்களே, அது ரோட்டு சைக்கிளுக்கு நெருக்கமானது. வெளியேயும் ஓட்டப்போகிறீர்கள் என்றால் அதையே வாங்குங்கள். ஆனால் பெரும்பாலான ஸ்பின் பைக்குகளில் நாம் நிறுத்தினாலும் கனமான சக்கரம் பெடலைச் சுழற்றிக்கொண்டே இருக்கும். சட்டென்று காலை எடுத்தால் பெடல் கெண்டைக்காலில் அடிக்கும். லோடு, அதாவது மிதியின் கனம், கூட்டும் திருகையே கீழே அழுத்தினால் பிரேக் பிடிக்கும் மாதிரி பல வண்டிகளில் வைத்திருப்பார்கள். வண்டி வந்த அன்றே வீட்டில் எல்லோருக்கும் அதைக் காட்டிக் கொடுங்கள். குழந்தைகள் சக்கரத்துக்குள் விரலை நுழைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

லோடு இரண்டு வகையில் வரும். கம்பளித் துண்டு சக்கரத்தில் உரசுவது ஒன்று, காந்தத்தால் வருவது இன்னொன்று. உரசுவது விலை குறைவு, ஆனால் சத்தம் போடும், துண்டு தேயும். மாடி வீடு, கீழே ஆள் குடியிருக்கிறார்கள் என்றால் காந்தம்தான் நல்லது. பழைய வண்டி வாங்குவதும் நல்ல யோசனையே, துணி காயப்போட மட்டும் பயன்பட்ட வண்டிகள் நிறைய விலைக்கு வருகின்றன. பெடல் தண்டைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். ஆடினால் வேண்டாம்.

சீட்டு உயரம்

இதில் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். வீட்டிலும் சரி, ரோட்டிலும் சரி, முட்டி வலி என்று வருகிறவர்களிடம் நான் முதலில் பார்ப்பது சீட்டைத்தான்.

எங்கள் எதிர்வீட்டு அக்கா வண்டி வாங்கிய சில வாரத்தில் முட்டிச் சிப்பிக்கு முன்பக்கம் வலிக்கிறது, வண்டியை விற்றுவிடப் போகிறேன் என்றார். போய்ப் பார்த்தால், ஏறி உட்கார வசதியாக இருக்கட்டும் என்று கடைக்காரர் சீட்டைக் கடைசித் துளைவரை இறக்கி வைத்திருந்தார். ஒவ்வொரு சுற்றிலும் முட்டி நெஞ்சை நோக்கி மடங்கி மேலே வந்தது. அவ்வளவு மடங்கிய முட்டியில் அழுத்தி மிதித்தால் முன்பக்கம் வலிக்கத்தான் செய்யும்.

சரிசெய்தது இப்படித்தான். ஓட்டும்போது போடும் ஷூவையே போட்டுக்கொள்ளச் சொன்னேன். சீட்டில் உட்கார்ந்து, ஒரு பெடலை அடிமட்டத்துக்குக் கொண்டுவந்து, அதன்மேல் குதிகாலை வைக்க வேண்டும். கால் முழுசாக நீள வேண்டும், ஆனால் அதற்காக இடுப்பு ஒரு பக்கம் சரியக் கூடாது. அந்த உயரத்தில் சீட்டை முடுக்கிவிட்டு, குதிகாலுக்குப் பதில் பெருவிரலுக்குக் கீழே இருக்கும் சதைப்பற்றான பகுதியைப் பெடலில் வைத்தால் முட்டியில் லேசான மடிப்பு வரும். 25-லிருந்து 35 பாகைக்குள் இருந்தால் சரி. அப்புறம் அவரை ஓட்டச் சொல்லிவிட்டு நான் பின்னால் நின்று பார்த்தேன். இடுப்பு இடமும் வலமும் ஆடினால் சீட்டு அதிக உயரம், ஒரு துளை இறக்க வேண்டும். முட்டிக்கு முன்னால் வலித்தால் பெரும்பாலும் சீட்டு தாழ்வு. முட்டிக்குப் பின்குழியில் வலித்தால் உயரம். இதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் பாதிப் பிரச்சினையை வீட்டிலேயே தீர்க்கலாம். வீக்கம் இருந்தாலோ சீட்டை மாற்றியும் வலி போகாவிட்டாலோ டாக்டரிடம் காட்டிவிட வேண்டும்.

முன்பின் தூரத்துக்கு ஒரு நூலும் சாவியும் போதும். இரண்டு பெடலும் தரைக்குச் சமமாக இருக்கும்படி நிறுத்தி, முன்னால் இருக்கும் காலில் முட்டிச் சிப்பிக்குக் கீழிருந்து சாவி கட்டிய நூலைத் தொங்கவிடுங்கள். சாவி பெடலின் அச்சுக்கு நேராகத் தொங்க வேண்டும். முன்னால் போனால் சீட்டைப் பின்னுக்குத் தள்ளுங்கள். எல்லாம் அமைந்ததும் சீட்டுத் தண்டில் நெயில் பாலிஷால் ஒரு கோடு போட்டுவிடுங்கள். வீட்டில் யாராவது மாற்றினாலும் திரும்ப அதே இடத்துக்கு வந்துவிடலாம். அக்கா வீட்டில் சிவப்புக் கோடு அவருக்கு, நீலம் மகனுக்கு.

வெளியே ஓட்டும் சைக்கிளுக்கும் இதே உயரம்தான். பெடல் தண்டு சுழலும் நடு அச்சிலிருந்து சீட்டின் மேல்பகுதிவரை தையல் டேப்பால் அளந்து, அதே அளவை ரோட்டு வண்டியிலும் வைத்துவிட்டு, குதிகால் சோதனையை ஒருமுறை செய்து பாருங்கள். அப்போதுதான் ஒரு பயம் வரும்: "உட்கார்ந்தால் கால் தரையில் எட்டலையே!" எட்டத் தேவையில்லை. நிற்கும்போது சீட்டில் உட்கார்ந்தபடியே நிற்கக் கூடாது. பிரேக் பிடித்து வேகம் குறையும்போதே ஒரு பெடலில் எடையைப் போட்டு, சீட்டிலிருந்து முன்னால் நழுவி, இன்னொரு காலைத் தரையில் ஊன்ற வேண்டும். கிளம்பும்போது ஒரு பெடலை மேலே கொண்டுவந்து, அதில் ஏறி மிதித்தபடி சீட்டுக்குப் போக வேண்டும்.

எனக்குப் புதுக்கோட்டை மாவட்டம், கீரனூர்ப் பக்கம். 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்துப் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தது. ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்த காலம். கல் உடைக்கப் போகிற பெண்கள்வரை சைக்கிள் ஓட்டினார்கள். நான் குரங்குப் பெடல் போட்டுப் பழகியது அப்போதுதான். எனக்குச் சொல்லிக்கொடுத்த அக்கா ஓட்டக் கற்றுத்தருவதற்கு முன்னால் ஏறவும் இறங்கவும்தான் பழக்கினார். வீட்டு சைக்கிளில் எத்தனை மாதம் மிதித்தாலும் இந்த ஒன்று வராது. நாற்பது வயதுக்கு மேல் ரோட்டுக்குப் போகிறவர்கள் இதை ஒரு காலி மைதானத்தில் பழகிவிட்டே போக வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்வேன்.

வீட்டில் ஓட்டுவது

ஃபேனுக்கு நேராக வண்டியைப் போடுங்கள். சீலிங் ஃபேன் போதாது. டேபிள் ஃபேனோ பெடஸ்டல் ஃபேனோ முன்னாலிருந்து நெஞ்சுக்கு அடிக்க வேண்டும். ஹேண்டில்பாரில் ஒரு துண்டு, கீழே ஒரு பாய் விரிப்பு, கைக்கெட்டும் தூரத்தில் தண்ணீர். ஓட்டி முடித்ததும் ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். வியர்வையில் உள்ள உப்பு நட்டையும் போல்ட்டையும் துருப்பிடிக்க வைத்துவிடும்.

முதல் ஐந்து நிமிடம் லோடு குறைவாக. பிறகு பேச முடிகிற, ஆனால் பாட முடியாத அளவுக்கு மூச்சு வாங்கும்படி லோடைக் கூட்டுங்கள். இதுதான் மிதமான உழைப்பு. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு வாரம் 150-லிருந்து 300 நிமிடம் சொல்வது இந்த அளவைத்தான். நிமிடத்துக்கு 60, 70 சுற்றில் தொடங்கலாம், பழகியவர்கள் 80, 90 வரை போகலாம். லோடே இல்லாமல் கால் பறக்கும்படி சுற்றுவதும் வேண்டாம், முழு லோடில் முக்கி முக்கி மிதிப்பதும் வேண்டாம். முக்கி மிதிப்பது முட்டிக்கு ஆகாது. சில வாரம் ஆனபின், ஒரு நிமிடம் மூச்சு வாங்க மிதித்து இரண்டு நிமிடம் லேசாக விடுவதை நடுவில் சேர்த்துக்கொள்ளுங்கள். ரோட்டில் பாலம் ஏறும்போது இது கைகொடுக்கும்.

இன்னொரு விஷயம். ரோட்டில் குண்டும் குழியும் வந்து நம்மைச் சீட்டிலிருந்து எழுப்பிவிடும். வீட்டில் ஒரே இடத்தில் உட்கார்ந்தே இருப்பதால் உட்காரும் இடம் மரத்துப்போகும், புண்ணாகவும் ஆகும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை லோடைக் கொஞ்சம் கூட்டி, பெடலில் எழுந்து நின்று சில சுற்று மிதித்துவிட்டு உட்காருங்கள்.

திரையில் காட்டும் கலோரியை நம்பி இரண்டு வடை கூடுதலாகச் சாப்பிடாதீர்கள். உங்கள் எடையே தெரியாத வண்டி எப்படிச் சரியாகக் கணக்குச் சொல்லும்? கிலோமீட்டரும் அப்படித்தான். பல வண்டிகளில் அது பெடல் சுற்றின் எண்ணிக்கையை வைத்துப் போட்ட கணக்கு. அதனால் "வீட்டில் 20 ஓட்டுகிறேன், ரோட்டிலும் 20 போவேன்" என்று கிளம்ப வேண்டாம். நிமிடத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ரோட்டுக்குப் போகும்போது

மைதானத்தில் மூன்று விஷயம் பார்க்க வேண்டும். வண்டி வளையாமல் தோளுக்கு மேல் திரும்பிப் பார்க்க வருகிறதா? ஒரு கையை எடுத்து சைகை காட்ட வருகிறதா? அவசரத்துக்கு நிறுத்த வருகிறதா? எந்தக் கைப்பிடி எந்தச் சக்கரத்தைப் பிடிக்கிறது என்று தள்ளிப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள், வண்டிக்கு வண்டி மாறும். இரண்டையும் சேர்த்துப் பிடித்து, உடம்பைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ள வேண்டும். முன் பிரேக்கை மட்டும் சடக்கென்று பிடித்தால் ஆளைத் தூக்கிப் போட்டுவிடும்.

டயரின் பக்கவாட்டில் எவ்வளவு காற்று என்று அச்சிட்டிருப்பார்கள். அதற்குள் வையுங்கள். காற்றுக் குறைந்த டயர் மிதியைக் கனமாக்கும், குழியில் இறங்கும்போது டியூபை நசுக்கிக் கிழிக்கும். ஓரமாக மண்ணில் இறங்கினால் சீமைக்கருவேல முள் காத்திருக்கும். மாற்று டியூபும் கைப்பம்பும் பையில் இருக்கட்டும்.

எனக்குப் பிடித்த வழி கரூர் ரோட்டில் முக்கொம்பு. உறையூரிலிருந்து குடமுருட்டி, கம்பரசம்பேட்டை, முத்தரசநல்லூர், ஜீயபுரம் தாண்டி ஏறக்குறைய 15 கிலோமீட்டர். வாழைத் தோப்பும் ஆறும் கூடவே வரும். முக்கொம்பில் காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரிகிற இடத்தைப் பார்த்துக்கொண்டு தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பலாம். முதல் தடவையே அவ்வளவு தூரம் வேண்டாம், கம்பரசம்பேட்டை போய்த் திரும்பினாலே நல்ல தொடக்கம். ரோட்டில் பஸ்ஸும் லாரியும் உண்டு. விடியற்காலையில் கிளம்புங்கள், ஹெல்மெட்டும் முன்பின் விளக்கும் கட்டாயம்.

இந்த வழியில் ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து காற்று அடிக்கும். அம்மியையே பறக்கவைக்கும் என்று சொல்கிற காற்று, சைக்கிளை விடுமா? மேற்கே போகும்போது எதிர்காற்று, திரும்பும்போது பின்காற்று. இந்த வரிசைதான் நல்லது. தெம்பு இருக்கும்போதே கஷ்டத்தை முடித்துவிடலாம். வேகம் கூடக்கூடக் காற்றின் தடை மிக வேகமாக ஏறும். காற்றே வீசாத நாளிலும் 20 கிலோமீட்டர் வேகத்தை 25 ஆக்கினால் காற்றைத் தள்ள மட்டும் செலவாகும் சக்தி ஏறக்குறைய இரு மடங்கு. அதனால் எதிர்காற்றில் வேகத்தைப் பார்க்காதீர்கள். கியரைக் குறைத்து, முழங்கையை மடக்கிக் குனிந்து, ஹாலில் பழகிய அதே மூச்சுக் கணக்கில் போங்கள். திரும்பும்போது பின்காற்றில் வண்டி தானாகப் பறக்கும், பிரேக்கில் விரல் இருக்கட்டும்.

நாய் துரத்தினால் வேகம் கூட்டாதீர்கள். இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்துக்கொண்டு நடந்தால் பெரும்பாலும் விட்டுவிடும்.

கத்திரி வெயில், அடைமழை, இருட்டிய பிறகு, இவற்றுக்கெல்லாம் வீட்டு சைக்கிள்தான். இதய நோய், ரத்த அழுத்தம் உள்ளவர்கள் எதைத் தொடங்கும் முன்னும் டாக்டரிடம் கேட்டுவிடுங்கள். சர்க்கரைக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள் சட்டைப் பையில் குளுக்கோஸ் வைத்துக்கொண்டு ஓட்டுங்கள், வீட்டிலும்கூட. இன்னொன்றைப் பெண்களுக்குத் தனியாகச் சொல்கிறேன்: சைக்கிளில் எடையைச் சீட்டு தாங்கிவிடுவதால் எலும்புக்கு அதிகம் வேலை இல்லை. மாதவிடாய் நின்றபின் எலும்பு தேயும் வயதில் இரண்டு சைக்கிளும் அதற்குப் போதாது. நடையும் மாடிப்படியும் கொஞ்சம் எடை தூக்குவதும் சேர வேண்டும்.

புதிதாகத் தொடங்குபவர் முதல் மாதம் வீட்டில் வாரம் மூன்று நாள், தலா இருபது நிமிடம் ஓட்டட்டும். அதே மாதத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் மைதானத்தில் ஏறி இறங்கப் பழகட்டும். திரும்பிப் பார்ப்பதும் நிறுத்துவதும் கைவந்தபின் இரண்டாவது மாதம் ரோடு. எங்கள் எதிர்வீட்டு அக்கா இப்போது மைதானத்தில் இருக்கிறார். ஆடிப்பெருக்கு முடியட்டும், அன்றைக்கு ஆற்றங்கரை ரோடெல்லாம் கூட்டமாக இருக்கும். அதற்கடுத்த ஞாயிறு கம்பரசம்பேட்டைவரை போகலாம் என்று சொல்லியிருக்கிறேன்.