பிரிட்டனில் முதல் குளிர்காலம்: கேஸ் பில்லும் கரண்ட் பில்லும்

வாடகை வீட்டின் சாவி கைக்கு வந்ததும் கேஸ் மீட்டரையும் கரண்ட் மீட்டரையும் போட்டோ எடுத்துவிடுங்கள். பெட்டியைப் பிரிப்பதெல்லாம் அப்புறம். குடிவந்த நாளிலிருந்தே, அந்த வீட்டுக்கு ஏற்கெனவே சப்ளை தரும் கம்பெனியின் வாடிக்கையாளர் நீங்கள். ரீடிங்கை அவர்களுக்குச் சொல்லாவிட்டால் உத்தேசமாகக் கணக்குப் போடுவார்கள். முன்பு இருந்தவர் எரித்ததும் உங்கள் தலையில் விழலாம்.

தமிழ்நாட்டிலிருந்து வருபவர்களுக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்பது பழகிப்போயிருக்கும். இங்கே ஒரு விளக்கைக்கூடப் போடாத நாளுக்கும் ஸ்டாண்டிங் சார்ஜ் என்ற நிலையான தினக் கட்டணம் உண்டு. முன்கூட்டியே பணம் போட்டு எரிக்கும் ப்ரீபேமெண்ட் மீட்டர் இருக்கும் வீடென்றால் இன்னும் கவனம் வேண்டும். கோடையில் ஒரு மாதம் ஊருக்குப் போய்த் திரும்பினால், அத்தனை நாள் சார்ஜும் கடனாகச் சேர்ந்து, நீங்கள் போடும் முதல் டாப்அப்பிலேயே கழியும்.

கேஸ், கரண்ட் கம்பெனிகளை ஒழுங்குபடுத்தும் ஆஃப்ஜெம் அமைப்பு 3 மாதத்துக்கு ஒருமுறை விலை உச்சவரம்பு அறிவிக்கும். செய்தியில் வரும் தொகை ஒரு சராசரி வீட்டின் ஆண்டுச் செலவுதான். வரம்பு யூனிட் விலைக்கும் ஸ்டாண்டிங் சார்ஜுக்கும் மட்டுமே. அதிகம் எரித்தால் பில் செய்தியில் வரும் தொகையைத் தாண்டும்.

கையைக் கடிப்பது பெரும்பாலும் கடையில் மலிவாகக் கிடைக்கும் கரண்ட் ஹீட்டர். 2 கிலோவாட் ஹீட்டர் மணிக்கு 2 யூனிட் இழுக்கும். கரண்ட் யூனிட் விலையோ கேஸைப்போல ஏறக்குறைய 4 மடங்கு. ரேடியேட்டர்கள் வழியாக வீட்டைச் சூடாக்கும் கேஸ் பாய்லர் இருந்தால் அதையே போட்டு, ஆள் இல்லாத அறைகளின் ரேடியேட்டரை மட்டும் குறைத்து வையுங்கள். செலவுக்குப் பயந்து ஹீட்டிங்கை அடியோடு நிறுத்தாதீர்கள். சோறு வடிக்கும் ஆவியும் உள்ளே காயப்போட்ட துணியின் ஈரமும் குளிர்ந்த சுவரில் படிந்து பூஞ்சை பிடிக்கும், குழந்தைகளுக்கு இருமல் விடாது.

அறை மட்டும் வாடகைக்கு எடுத்தவர்களுக்கு ஒன்று: கரண்டுக்குத் தனியாகக் கணக்குப் போட்டு வாங்கும் வீட்டுக்காரர், தான் கொடுக்கும் யூனிட் விலைக்கு மேல் வாங்கக் கூடாது. தயங்காமல் பில்லைக் காட்டச் சொல்லுங்கள்.

குளிர்காலத்தில் கிடைக்கும் 150 பவுண்ட் வார்ம் ஹோம் என்ற பில் தள்ளுபடி அரசு உதவித்தொகை பெறுவோரைச் சார்ந்தது என்பதால், விசாவில் இருக்கும் பெரும்பாலோருக்குக் கிடைக்காது. ஆனால் கட்ட முடியாத நிலை வந்தால் கம்பெனியிடம் தவணை கேட்கலாம். உங்களால் கட்ட முடிகிற அளவைப் பார்த்தே அவர்கள் தவணை வைக்க வேண்டும். 5 வயதுக்குட்பட்ட பிள்ளையோ வயதான பெற்றோரோ வீட்டில் இருந்தால், கூடுதல் உதவி தேவைப்படும் வாடிக்கையாளர்களுக்காகக் கம்பெனி வைத்திருக்கும் முன்னுரிமைப் பதிவேட்டில் பெயரைச் சேர்க்கச் சொல்லுங்கள். அதற்குக் கட்டணம் இல்லை. பேச்சு சரிவராவிட்டால் சிட்டிசன்ஸ் அட்வைஸ் என்ற தொண்டு அமைப்பின் அலுவலகத்துக்குப் பில்லோடு போங்கள், ஆலோசனை இலவசம்.