சிங்கப்பூரில் புதுப்பட விமர்சனம்: புதியவர்கள் திரும்பத் திரும்பச் செய்யும் தவறுகள்

தீபாவளியும் பொங்கலும் வந்தால் போதும், படவிமர்சனம் எழுதவும் பேசவும் புதிதாகச் சிலர் கிளம்பிவிடுகிறார்கள். வரவேற்க வேண்டியதுதான். ஆர்வம் இருக்கிறது, கையில் மொழி இருக்கிறது. ஆனால் எழுதியதைப் படித்தால் கோடம்பாக்கத்தில் உட்கார்ந்து எழுதியது போல இருக்கிறது. படிப்பவரோ உட்லண்ட்ஸிலும் செங்காங்கிலும் இருக்கிறார். இந்த வாரக் கடைசியில் வீட்டில் யார் யாரைக் கூட்டிக்கொண்டு எந்தக் காட்சிக்குப் போகலாம், அல்லது போகாமலே இருக்கலாமா என்பதுதான் அவர் கேள்வி. அதற்குப் பதில் இல்லாத விமர்சனம் எவ்வளவு அழகாக இருந்தாலும் அவருக்குப் பயன்படாது.

கதையின் முடிச்சை உடைப்பது, நடிகர் பெயரைத் தப்பாக எழுதுவது போன்றவற்றை வாசகர்களே திட்டித் திருத்திவிடுவார்கள். யாரும் சுட்டிக்காட்டாமல் தொடர்கிற தவறுகளை மட்டும் பார்ப்போம்.

இந்தியச் சான்றிதழைப் பார்த்து ‘குடும்பத்தோடு போகலாம்’ என்பது

படிப்பவரின் பணத்தை நேரடியாகக் கரைக்கும் தவறு இது. எத்தனை முறை சொன்னாலும் குறையவில்லை என்பதுதான் எரிச்சல்.

வழக்கமாக நடப்பது இதுதான். சனிக்கிழமை மாலை ஏழு மணிக் காட்சி. அப்பா, அம்மா, பாட்டி, பதினான்கு வயதுப் பையன், பத்து வயதுப் பெண் என ஐந்து பேர். ஃபோனில் இருக்கும் கியூஆர் குறியீட்டை வாசலில் நீட்டுகிறார் அப்பா. ஊழியர் அதை ஸ்கேன் செய்வதற்கு முன் பையனைப் பார்க்கிறார், ஐசி (அடையாள அட்டை) கேட்கிறார். படம் என்சி16, அதாவது பதினாறு வயதுக்குக் குறைந்தவருக்கு அனுமதி இல்லை. “நாங்கதான் கூட வர்றோமே” என்கிறார் அப்பா. அது எடுபடாது. பெரியவர்கள் மட்டும் உள்ளே போவதா, எல்லாரும் திரும்புவதா என்று வாசலிலேயே நின்று பேசுகிறார்கள். பின்னால் வரிசை நீள்கிறது. பையன் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்கிறான். டிக்கெட்டுக்குப் பணம் திரும்பக் கிடைப்பது அரிது. ஐந்து பேர் டிக்கெட்டும் கையில் இருக்கும் பாப்கார்னும் சேர்ந்தால் நூறு வெள்ளியை நெருங்கும்.

இவ்வளவுக்கும் காரணம் பெரும்பாலும் ஒரு வரி: “யு/ஏ படம்தான், தாராளமாகக் குடும்பத்தோடு போகலாம்.” எங்கோ எழுதப்பட்ட விமர்சனத்திலிருந்து அப்படியே எடுத்த வரி.

இந்தியாவின் யு/ஏ என்பது பெற்றோருக்குச் சொல்லும் எச்சரிக்கை. 2024இல் வந்த புது விதிகள் அதை 7+, 13+, 16+ என்று மூன்றாகப் பிரித்தன. அப்போதும் பிள்ளையைக் கூட்டிப்போவதா என்பதை முடிவு செய்பவர் பெற்றோர்தான். சிங்கப்பூர் முறையே வேறு. இங்கே படத்தை வகைப்படுத்துவது ஐஎம்டிஏ என்ற அரசாங்க ஊடக ஆணையம். ஜி, பிஜி, பிஜி13 மூன்றும் அறிவுரை வகை. பத்து வயதுப் பிள்ளையை பிஜி13 படத்துக்கு அழைத்துப்போவது பெற்றோர் விருப்பம். என்சி16, எம்18, ஆர்21 மூன்றும் சட்டப்படியான வயது வரம்பு. பெற்றோர் கூட வந்தாலும் விதிவிலக்கு கிடையாது, மடியில் தூங்கும் கைக்குழந்தையும் அதில் அடக்கம். வயது குறைந்தவரை உள்ளே விட்டால் சிக்கல் திரையரங்குக்கு. அதனால் ஊழியர் இளக மாட்டார். அவர்மேல் கோபப்படுவதில் நியாயமும் இல்லை.

இந்தியச் சான்றிதழை வைத்துச் சிங்கப்பூர் வகைப்பாட்டை ஊகிக்கவே முடியாது. ரத்தம் தெறிக்கும் யு/ஏ படம் இங்கே என்சி16 ஆகலாம். அங்கே ஏ சான்றிதழ் வாங்கிய படமும் அதே என்சி16இல் வரலாம். அப்போது சென்னையில் உள்ளே போக முடியாத பதினேழு வயதுப் பிள்ளை இங்கே போகலாம். ‘ஏ படம், பிள்ளைகளுக்கு இல்லை’ என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதுவதும் அதே தவறின் மறுபக்கம்தான்.

சரிபார்க்க இரண்டு நிமிடம் போதும். ஐஎம்டிஏ இணையத்தளத்தில் திரைப்பட வகைப்பாட்டுத் தேடல் இருக்கிறது. படத்தின் பெயரை ஆங்கில எழுத்தில், விநியோகஸ்தர் விளம்பரத்தில் எழுதியிருக்கும் அதே எழுத்துக்கூட்டலில் இடுங்கள். வகைப்பாட்டுடன் ‘வன்முறை’, ‘சில கொச்சை வார்த்தைகள்’ என்பது போன்ற ஒருவரிக் குறிப்பும் வரும். அந்தக் குறிப்பை விடாமல் எழுதுங்கள். இரண்டு பிஜி13 படங்களில் ஒன்று கெட்ட வார்த்தைக்காக அந்த வகைக்குப் போயிருக்கும், இன்னொன்று பயமுறுத்தும் காட்சிக்காக. பெற்றோருக்கு இரண்டும் ஒன்றல்ல.

பெரிய தமிழ்ப் படங்கள் கடைசி நேரத்தில்தான் வந்து சேரும். முன்பதிவு திறந்த பிறகும் டிக்கெட் பக்கத்தில் வகைப்பாடு ‘பின்னர் அறிவிக்கப்படும்’ என்றே இருக்கும். அந்த நிலையில் ‘வகைப்பாடு இன்னும் வரவில்லை, பிள்ளைகளுக்கு இப்போதைக்கு டிக்கெட் எடுக்காதீர்கள்’ என்று வெளிப்படையாக எழுதுவதே நேர்மை. போன படம் பிஜி13 ஆக இருந்ததே, அதே நடிகர்தானே என்று கணிக்க வேண்டாம்.

ஓடும் நேரத்தையும் அங்கேயே ஒப்பிடுங்கள். குறைந்த வயது வகைப்பாட்டுக்காகச் சில இடங்களை வெட்டி இங்கே வெளியிடுவதும் உண்டு. நேரம் இந்தியப் பதிப்பைவிடக் குறைந்திருந்தால், தாவித் தெரிந்த ஒரு சண்டைக்காட்சிக்காகப் படத்தொகுப்பாளரைத் திட்டும் முன் ஒருமுறை யோசிக்க வேண்டும்.

இவற்றோடு நீங்கள் கண்ணால் பார்த்ததையும் சேருங்கள். ‘வன்முறை அதிகம்’ என்றால் யாருக்கும் எதுவும் புரியாது. ‘முதல் பாதியின் கடைசிப் பத்து நிமிடத்தில் வெட்டுக்காயங்களை மிக அருகில் காட்டுகிறார்கள், மற்ற இடங்களில் சத்தம் மட்டும்தான்’ என்றால் கதையும் கெடவில்லை, ஒரு தாய்க்கு முடிவெடுக்கத் தேவையானதும் கிடைத்துவிட்டது.

இடைவேளை இல்லாததை மறப்பது

தமிழ்நாட்டில் இடைவேளைக்கு விளக்கைப் போடுவார்கள். காபி குடித்துவிட்டு வரலாம். இங்கே பெரும்பாலும் ‘இடைவேளை’ என்ற எழுத்து திரையில் மின்னி மறையும், அடுத்த நொடியே படம் தொடரும். இரண்டே முக்கால் மணி நேரப் படத்தை ஒரே மூச்சில் பார்த்தால் எந்தப் படத்தின் பின்பாதியும் நீளமாகத்தான் தெரியும். ‘இரண்டாம் பாதி இழுவை’ என்று எழுதும் முன், இழுத்தது படமா உங்கள் முதுகா என்று பிரித்துப் பாருங்கள். காட்சி எந்த இடத்தில் ஒரே தகவலைத் திரும்பச் சொல்கிறது என்று காட்ட முடிந்தால் அது படத்தின் குறை. காட்ட முடியாவிட்டால் அந்த வரியை எடுத்துவிடுங்கள்.

சர்க்கரை நோய் உள்ள பெரியவர்களோடு போகிறவர்களுக்கு, நடைபாதை ஓரத்து இருக்கையாக எடுக்கச் சொல்லுங்கள். இரவு 9.30 காட்சி என்றால் கணக்கும் போட்டுக் கொடுங்கள்: விளம்பரம், டிரெய்லர் கால் மணி நேரம், படம் 170 நிமிடம், வெளியே வரும்போது 12.35. எம்ஆர்டி ரயில் கிடைக்காது. டாக்சிக் கட்டணமும் அந்த டிக்கெட் விலையில் சேர்ந்ததுதான்.

முதல் காட்சியின் கைதட்டலை அளவுகோலாக எடுப்பது

ரசிகர் காட்சியில் நாயகன் பெயர் வரும்போதே அரங்கம் அதிரும். அந்த உற்சாகம் உண்மையானது, அழகானது. ஆனால் ஞாயிறு மதியம் டிக்கெட் எடுப்பவருக்கு அது கிடைக்காது. கைதட்டல் அடங்கிய இடங்களைக் கவனியுங்கள். முன்வரிசைகளில் ஃபோன் வெளிச்சம் எப்போது தெரிய ஆரம்பிக்கிறது? நகைச்சுவைக்குப் பாதிப் பேராவது சிரித்தார்களா? சின்னத் தாளில் நேரத்தோடு குறித்துவையுங்கள்.

நேர வித்தியாசத்தில் ஒரு பொறுப்பும் இருக்கிறது. இந்தியாவைவிட நாம் இரண்டரை மணி நேரம் முன்னால் இருக்கிறோம். தமிழ்நாட்டில் முதல் காட்சி காலை 9 மணி என்றால் இங்கே 11.30. இங்கே காலை 8 மணிக் காட்சி பார்த்தவர் வெளியே வரும்போது அங்கே படமே ஆரம்பித்திருக்காது. கௌரவத் தோற்றத்தில் வருபவர் பெயரை அந்த நேரத்தில் போடுவது ஒரு மாநிலத்தின் காலையைக் கெடுப்பது. வேண்டாம்.

அரங்கின் குறையை ஒளிப்பதிவாளர் தலையில் கட்டுவது

‘வசனமே கேட்கவில்லை, பின்னணி இசை அமுக்கிவிட்டது’ என்று எழுதுவது எளிது. டால்பி முறையில் அரங்கின் ஒலி அளவுக்கு 7 என்பதுதான் தர எண். ஒலிக்கலவை செய்பவர்கள் அதை வைத்தே வேலை பார்க்கிறார்கள். யாராவது சத்தம் அதிகம் என்று புகார் சொன்னால் அரங்கில் அதைக் குறைத்துவிடுவார்கள். அப்போது முதலில் காணாமல் போவது மெதுவாகப் பேசிய வசனம்தான். படத்துக்கு முன் ஓடிய விளம்பரமும் டிரெய்லரும் தெளிவாகக் கேட்டனவா என்று நினைத்துப் பாருங்கள். அவையும் மந்தமாக இருந்தால் சந்தேகம் அரங்கின் மேல். இருட்டுக் காட்சிகளும் அப்படியே: புரொஜெக்டரின் விளக்கு மங்கியிருந்தால் நிழலில் இருக்கும் முகம் கறுப்புத் திட்டாகிவிடும். வேறு அரங்கில் பார்த்த ஒருவரிடம் கேட்காமல் ஒளிப்பதிவைக் குறைசொல்லாதீர்கள். எந்தத் திரையரங்கு, எத்தனையாம் எண் அரங்கு என்று எழுதினால் படிப்பவர் அதைத் தவிர்க்கவாவது முடியும்.

ஐந்துக்கு மூன்றேகால்

அந்தக் கால் மதிப்பெண் யாருக்கும் எதையும் சொல்லவில்லை.

வசூலைப் பேசுவது

அது தயாரிப்பாளர் கவலை.

திரையை ஃபோனில் பிடிப்பது

காப்புரிமை மீறல். பெயர் போடும் இடம்கூட வேண்டாம்.

மொழியைச் சொல்லாமல் விடுவது

பல மொழிகளில் வெளியாகும் படம் ஒரே வளாகத்தில் தமிழில் ஒரு காட்சியும் தெலுங்கில் இன்னொன்றும் ஓடும். அவசரத்தில் தெலுங்குக் காட்சிக்கு டிக்கெட் எடுத்துவிட்டு உள்ளே போய்த்தான் விழிப்பார்கள். எந்த மொழிப் பதிப்பைப் பார்த்தீர்கள் என்று எழுதுங்கள். டப்பிங் என்றால் உதடும் வசனமும் ஒட்டுகிறதா என்றும் சொல்லுங்கள். ஆங்கில வசனவரிகளைப் பற்றி ஒரு வரியாவது வேண்டும். இங்கே தமிழ் சரளமாக வராத பிள்ளைகளும் நண்பர்களாகக் கூட வரும் மலாய், சீன ரசிகர்களும் அதை நம்பித்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். பாடலுக்கும் வசனவரி உண்டா, வட்டார வழக்கு நகைச்சுவை அதில் தேறியதா என்பது அவர்களுக்குப் பெரிய விஷயம்.

‘அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம்’ என்று எழுதுவது

சென்னையில் இது பொறுப்பான ஆலோசனை. இங்கே பெரும்பாலும் தப்பான ஆலோசனை. சிங்கப்பூரில் படவாரம் வியாழக்கிழமை மாறுகிறது. முதல் வாரக் கடைசியில் தீவு முழுக்க ஓடும் தமிழ்ப் படம் அடுத்த வியாழனன்று இரண்டு மூன்று அரங்குகளுக்குச் சுருங்கிவிடும். மிஞ்சுவது வேலை நாள் மதியமும் பின்னிரவும். 2025 செப்டம்பரில் கேத்தே சினிப்ளெக்ஸ் திரையரங்குகள் மூடப்பட்ட பிறகு திரைகள் இன்னும் குறைந்திருக்கின்றன. ஆகவே முடிவை நேராகச் சொல்லுங்கள்: இந்த ஞாயிற்றுக்குள் போங்கள், அல்லது வீட்டில் பாருங்கள்.

வீட்டில் பாருங்கள் என்றால் காரணமும் வேண்டும். நாலு சுவருக்குள் நடக்கும் குடும்பக் கதை சின்னத் திரையில் எதையும் இழக்காது. ஒலியை நம்பி எடுத்த பேய்ப்படம் பாதியை இழந்துவிடும். தமிழ்ப் படங்கள் பொதுவாகச் சில வாரங்களில் ஓடிடிக்கு வந்தாலும், இந்தியாவில் வாங்கிய தளத்திலேயே இங்கும் வரும் என்று உறுதி இல்லை. எந்தத் தளம் என்று தெரிந்தால் எழுதுங்கள். விமர்சனத்தைச் சனிக்கிழமை காலைக்குள் போட்டுவிடுங்கள். பெரும்பாலான குடும்பங்கள் டிக்கெட் எடுப்பது அன்றைக்குத்தான்.