பழைய கன்சோல் கேம்களைப் போனில் ஆடுவது எப்படி? முதல் கேம் ஓடி, சேவ் ஆகும் வரை

போனில் பழைய கேம் ஆட வேண்டும் என்று யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது இதுதான்: ஒரு கன்சோல், ஒரு கேம். அந்த ஒன்று ஒழுங்காக ஓடி, இன்று விட்ட இடத்திலிருந்து நாளை தொடர முடிந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. ஒரே நாளில் நூறு கேம்களை இறக்கி வைப்பவர்களுக்கு எதைத் தொடுவது என்றே தெரியாமல் போய்விடும். அதனால் இந்தப் பதிவில் நின்டென்டோவின் கையடக்கக் கன்சோலான கேம்பாய் அட்வான்ஸ் (2001) ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, அதில் ஒரு கேமை ஓட வைப்போம்.

எமுலேட்டர் வேறு, கேம் வேறு

எமுலேட்டர் என்பது பழைய கன்சோலின் உள்ளே இருந்த சிப்புகள் செய்த வேலையை அப்படியே செய்து காட்டும் ஒரு மென்பொருள். அதில் கேம் எதுவும் இருக்காது. கேம் என்பது தனி ஃபைல். கார்ட்ரிட்ஜுக்குள், அதாவது கன்சோலில் செருகும் கேம் பெட்டிக்குள், இருந்த தகவலை அப்படியே நகலெடுத்தது. இதைத்தான் ரோம் என்கிறார்கள்.

'என் போன் தாங்குமா?' என்ற சந்தேகம் எல்லோருக்கும் வரும். நின்டென்டோவின் என்இஎஸ் கன்சோலின் ப்ராசஸர் ஓடியது சுமார் 1.79 மெகாஹெர்ட்ஸில். 1994-இல் ஜப்பானில் வந்த முதல் பிளேஸ்டேஷனுக்குக்கூட 33.8 மெகாஹெர்ட்ஸ் ப்ராசஸரும் 2 எம்பி ரேமும்தான். கடந்த சில ஆண்டுகளில் வந்த சாதாரண போனே இவை எல்லாவற்றையும் எளிதாகத் தாங்கும். சோனியின் கையடக்கக் கன்சோலான பிஎஸ்பி, நின்டென்டோ 64 இரண்டுக்கும் கொஞ்சம் தெம்பான போன் இருந்தால் நல்லது. பிளேஸ்டேஷன் 2-ஐ இப்போதைக்கு மறந்துவிடுங்கள்.

கேமை எங்கிருந்து எடுப்பது?

எமுலேட்டரைப் பயன்படுத்துவது தப்பில்லை. கனெக்டிக்ஸ் நிறுவனம் பிளேஸ்டேஷன் எமுலேட்டர் ஒன்றை உருவாக்கியதற்காக சோனி தொடுத்த வழக்கில், அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் 2000-இல் கனெக்டிக்ஸ் பக்கமே தீர்ப்பளித்தது. ஆனால் கேம்களின் பதிப்புரிமை அப்படியேதான் இருக்கிறது. கடையில் விற்ற ஒரு கேமை யாரோ தளத்தில் போட்டிருக்கிறார்கள் என்பதற்காக அது நமக்குச் சொந்தமாகிவிடாது.

இதற்கு நல்ல வழி ஹோம்புரூ கேம்கள். பழைய கன்சோல்களின் மேல் உள்ள பிரியத்தால் இன்றைக்கும் அவற்றுக்காகப் புதிதாகக் கேம் எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். பலர் தங்கள் கேமை இலவசமாகவே தருகிறார்கள். கேம்பாய்க்கு 'டோபு டோபு கேர்ள்', என்இஎஸ்ஸுக்கு 'நோவா தி ஸ்குவிரல்', கேம்பாய் அட்வான்ஸுக்கு 'அங்குனா' என்று எடுத்துப் பார்க்கலாம். நாம் அங்குனாவை எடுத்துக்கொள்வோம். நிலவறைகளுக்குள் சுற்றித் திரியும் சாகசக் கேம் அது. ஒரே மூச்சில் முடியாது, சேவ் செய்தாக வேண்டும். அதனால்தான் பழகுவதற்குச் சரியான கேம் என்கிறேன். உங்களிடம் சொந்தக் கார்ட்ரிட்ஜ் இருந்தால், அதை யுஎஸ்பி வழியாகப் படித்து ஃபைலாக்கும் சின்னக் கருவிகளும் கிடைக்கின்றன.

ஒரு எச்சரிக்கை. விற்பனைக்கு வந்த கேம்பாய் அட்வான்ஸ் கேம்களில் பெரியவையே 32 எம்பிதான் இருக்கும். ஃபைல் பெயரின் கடைசியில் 'ஜிபிஏ' அல்லது 'ஜிப்' என்று இருக்க வேண்டும். கேமைக் கேட்டால் ஏபிகே ஃபைலை (ஆண்ட்ராய்டு ஆப்பை இன்ஸ்டால் செய்யும் ஃபைல்) நீட்டும் தளம், 'முதலில் இந்த ஆப்பை இன்ஸ்டால் செய்யுங்கள்' என்று கேட்கும் தளம், எதுவானாலும் உடனே மூடிவிடுங்கள்.

எந்த ஆப்?

ஆண்ட்ராய்டில் நான் பரிந்துரைப்பது ரெட்ரோஆர்ச். இலவசம், விளம்பரம் கிடையாது, ஓப்பன் சோர்ஸ். முதல் பார்வைக்கு மெனு மிரட்டும், உண்மைதான். ஆனால் ஒருமுறை பிடிபட்டுவிட்டால் பெரும்பாலான பழைய கன்சோல்களுக்கு இதே ஆப் போதும், அதனால் பழகச் செலவிட்ட நேரம் வீணாகாது. அவ்வளவு மெனு வேண்டாம் என்றால் லெமுராய்ட் என்ற ஆப் இருக்கிறது. ஃபோல்டரைக் காட்டினால் கேம்களை அதுவே பட்டியலிட்டுவிடும்.

ஐபோனில் 2024 ஏப்ரலில்தான் ஆப்பிள் தன் ஆப் ஸ்டோரில் இந்த வகை எமுலேட்டர்களை அனுமதித்தது. அந்த மாதமே டெல்டா என்ற எமுலேட்டர் வந்துவிட்டது. அடுத்த மாதம் ரெட்ரோஆர்ச்சும், பிஎஸ்பி எமுலேட்டரான பிபிஎஸ்எஸ்பிபியும் வந்தன. ஐபோன்காரர்கள் டெல்டாவில் தொடங்கலாம். பிளஸ் குறியைத் தட்டி ஃபைலைக் காட்டினால் போதும், கீழே உள்ள படிகள் தேவைப்படாது. சேவ் பற்றிச் சொல்வதை மட்டும் அவர்களும் படித்துவிடுங்கள்.

ரெட்ரோஆர்ச்சில் முதல் கேம்

1. போனின் உள் நினைவகத்தில் 'கேம்ஸ்' என்று ஒரு ஃபோல்டர், அதற்குள் 'ஜிபிஏ' என்று இன்னொன்று உருவாக்கி, இறக்கிய ஃபைலை அங்கே நகர்த்துங்கள். டவுன்லோட்ஸ் ஃபோல்டரிலேயே விட்டுவைத்தால் ஒரு நாள் இடம் போதவில்லை என்று மற்றவற்றோடு சேர்த்து அழித்துவிடுவீர்கள்.

2. ரெட்ரோஆர்ச்சைத் திறங்கள். ஃபைல்களைப் பார்க்க அனுமதி கேட்கும், கொடுங்கள்.

3. 'லோட் கோர்' என்பதைத் தட்டி, 'டவுன்லோட் எ கோர்' போங்கள். கோர் என்பதுதான் உண்மையான எமுலேட்டர்; ரெட்ரோஆர்ச் அதைத் தாங்கும் கூடு. கேம்பாய் அட்வான்ஸுக்கு 'எம்ஜிபிஏ' என்ற கோரை இறக்குங்கள். இறங்கிய பிறகு மறுபடி 'லோட் கோர்' போய் அதைத் தேர்ந்தெடுங்கள்.

4. இப்போது 'லோட் கன்டென்ட்'. 'ஸ்டோரேஜ், எமுலேட்டட், 0' என்று ஒரு பாதை தெரியும். பார்க்க வினோதமாக இருந்தாலும் உங்கள் போனின் உள் நினைவகம் அதுதான். அதற்குள் போய் நீங்கள் போட்ட ஃபைலைத் தட்டினால் கேம் தொடங்கிவிடும்.

'ஸ்கேன் டைரக்டரி' என்று ஒரு வசதியும் கண்ணில் படும். அது தன்னிடம் உள்ள கேம் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்த்து, பொருந்துவதை மட்டும்தான் சேர்க்கும். புதிய ஹோம்புரூ கேம்கள் பல அந்தப் பட்டியலில் இருக்காது. ஸ்கேனில் வரவில்லை என்பதால் ஃபைல் கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை; 'லோட் கன்டென்ட்' வழியாகவே போங்கள்.

சேவ்: இங்கேதான் நிதானம் வேண்டும்

சேவ் இரண்டு வகை. இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் பலருடைய பல மணி நேர ஆட்டம் காணாமல் போகிறது.

முதலாவது, கேமுக்குள்ளேயே இருக்கும் சேவ். அந்தக் காலத்துக் கார்ட்ரிட்ஜில் இதற்கென்றே தனி நினைவகம் இருந்தது, பலவற்றில் சின்ன பேட்டரியோடு. எமுலேட்டர் அதை ஒரு சின்ன ஃபைலாக எழுதி வைக்கும். இரண்டாவது, சேவ் ஸ்டேட். கேம் ஓடும்போது ரெட்ரோஆர்ச் மெனுவைத் திறந்தால் வரும் 'குயிக் மெனு'வில் இருப்பது இதுதான். கன்சோல் மொத்தத்தையும் அந்த நொடியில் இருந்தபடியே உறைய வைத்து எடுத்து வைக்கும். குதிக்கும்போது நடுக்காற்றில்கூடச் செய்யலாம்.

சேவ் ஸ்டேட் வசதியானது. ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள். அது எந்தக் கோரில் எடுக்கப்பட்டதோ அந்தக் கோருக்கு மட்டுமே புரியும். கோர் அப்டேட் ஆனால் சில சமயம் பழைய ஸ்டேட் திறக்காமலே போகும். கேமுக்குள் செய்த சேவ் அப்படியில்லை. கோரை மாற்றினாலும், வேறு ஆப்புக்கு மாறினாலும் பெரும்பாலும் கூடவே வரும். எனவே கடினமான இடத்தைத் தாண்ட ஸ்டேட், அன்றைய ஆட்டத்தை முடிக்கும்போது கேமுக்குள் இருக்கும் சேவ் என்று பழகுங்கள்.

இதில் ஒரு கண்ணி உண்டு. நேற்று கேமுக்குள் சேவ் செய்தீர்கள். அதற்கு முந்தைய நாள் எடுத்த ஸ்டேட்டை இன்று லோட் செய்கிறீர்கள். ஸ்டேட்டுக்குள் கார்ட்ரிட்ஜின் சேவ் நினைவகமும் அடக்கம் என்பதால், நேற்றைய சேவின் மேல் பழையது ஏறி உட்கார்ந்துவிடும். ஸ்டேட் லோட் செய்யும் முன் அது எந்த நாளுடையது என்று பாருங்கள்.

இன்னொன்று. போனில் மெமரி போதாதபோது ஆண்ட்ராய்டு பின்னணியில் உள்ள ஆப்பை நிறுத்திவிடும். அப்போது கேமுக்குள் செய்த சேவ் ஃபைலில் எழுதப்படாமல் போக வாய்ப்புண்டு. செட்டிங்ஸில் 'சேவிங்' பகுதிக்குப் போய் 'சேவ்ரேம் ஆட்டோசேவ் இன்டர்வல்' என்பதைப் பாருங்கள். அணைந்திருந்தால் 10 விநாடி என்று வையுங்கள். அதோடு, ஆட்டம் முடிந்ததும் குயிக் மெனுவில் 'க்ளோஸ் கன்டென்ட்' கொடுத்துவிட்டு வெளியே வாருங்கள்.

எல்லாம் சரியா என்று இப்போதே சோதித்துவிடுங்கள். அங்குனாவில் ஒரு சேவ் செய்து, கேமை மூடி, ஆப்பையும் மூடி, மறுபடி திறந்து பாருங்கள். சேவ் அங்கே இருந்தால் நிம்மதியாக ஆடலாம்.

பட்டன்களும் படமும்

திரையில் முதலில் தெரியும் பட்டன்கள் எல்லாக் கன்சோலுக்கும் பொதுவானவை, அதனால் தேவையில்லாததும் சேர்ந்து இருக்கும். செட்டிங்ஸில் 'ஆன்-ஸ்கிரீன் டிஸ்ப்ளே', 'ஆன்-ஸ்கிரீன் ஓவர்லே', 'ஓவர்லே ப்ரீசெட்' என்று போய், 'கேம்பேட்ஸ்' ஃபோல்டரில் 'ஃபிளாட்' என்பதற்குள் கேம்பாய் அட்வான்ஸுக்கான அமைப்பைத் தேர்ந்தெடுங்கள். பிறகு குயிக் மெனுவில் 'ஓவர்ரைட்ஸ்' போய் 'சேவ் கோர் ஓவர்ரைட்ஸ்' கொடுத்தால், இந்தப் பட்டன்கள் எம்ஜிபிஏவுக்கு மட்டும் நிலைக்கும்.

சத்தம் பின்தங்கி வந்தால் ப்ளூடூத் ஹெட்போனைக் கழற்றிப் பாருங்கள். பெரும்பாலும் தாமதம் அதில்தான். குதித்துத் தாண்டும் கேம்களுக்குத் திரைப் பட்டன் சுகப்படாது, கண்ட்ரோலர் வாங்குவது நல்லது. ஏற்கெனவே பிளேஸ்டேஷன் 4 கண்ட்ரோலர் இருந்தால், ஷேர் பட்டனையும் நடுவில் உள்ள பிஎஸ் பட்டனையும் சேர்த்து அழுத்திப் பிடியுங்கள். விளக்கு வேகமாக மின்னத் தொடங்கியதும் போனின் ப்ளூடூத் பட்டியலில் வந்துவிடும்.

படம் நகரும்போது ஒருவித நடுக்கம் தெரிகிறதா? கேம்பாய் அட்வான்ஸின் திரை 240×160 புள்ளிகள். போனைப் படுக்க வைத்தால் உயரம் 1080 என்று வைத்துக்கொள்வோம். 1080-ஐ 160-ஆல் வகுத்தால் 6.75. அதாவது ஒரு வரிசைக்கு 6 புள்ளி, இன்னொன்றுக்கு 7 என்று ஏறுமாறாக விழும். நகரும்போது அதுதான் நடுங்குகிறது. 'வீடியோ' செட்டிங்ஸில் 'ஸ்கேலிங்' போய் 'இன்டிஜர் ஸ்கேல்' போட்டால் சரியாக 6 மடங்கு, 1440×960 ஆகிவிடும். சுற்றிலும் கொஞ்சம் கறுப்பு இருக்கும், படம் மட்டும் கண்ணாடி போலத் தெளிவாக வரும். எனக்கு இதுதான் பிடிக்கும்.

அடுத்து பிளேஸ்டேஷன் என்றால்

முதல் பிளேஸ்டேஷனின் கேம்கள் சிடியில் வந்தவை. பெரும்பாலும் 'பின்', 'கியூ' என்று இரண்டு ஃபைல்களாக இருக்கும். திறக்க வேண்டியது கியூ. அது ஒரு சின்ன எழுத்து ஃபைல்தான். பின் ஃபைலின் பெயர் அதற்குள் எழுதியிருக்கும். பின்னின் பெயரை மட்டும் மாற்றினால் கேம் ஓடாது. இந்தக் கன்சோலுக்கு பயாஸ் என்ற ஃபைலும் தேவைப்படும். கன்சோலை ஆன் செய்ததும் முதலில் ஓடும் உள் மென்பொருள் அது. அதுவும் சோனியின் பதிப்புரிமைக்கு உட்பட்டது. சொந்தக் கன்சோலிலிருந்து எடுத்த பயாஸை ரெட்ரோஆர்ச்சின் 'சிஸ்டம்' ஃபோல்டரில் போட வேண்டும். 'பிசிஎஸ்எக்ஸ் ரீஆர்ம்டு' கோர் அது இல்லாமலும் பல கேம்களை ஓட்டும், எல்லாவற்றையும் அல்ல.

போன் மாற்றும் முன், செட்டிங்ஸில் 'டைரக்டரி' போய் சேவ் ஃபைல்கள் எந்த ஃபோல்டரில் இருக்கின்றன என்று பாருங்கள். பாதையில் 'ஆண்ட்ராய்டு, டேட்டா' என்று இருந்தால், ஆப்பை அன்இன்ஸ்டால் செய்யும்போது சேவும் சேர்ந்து அழிந்துவிடும். உள் நினைவகத்தில் நீங்களே உருவாக்கிய ஒரு ஃபோல்டருக்கு அதை மாற்றி, பழைய சேவ் ஃபைல்களை அங்கே காப்பி செய்துவிட்டு, கேமைத் திறந்து சேவ் வருகிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.