திடீர்த் தள்ளாட்டமா? சிறுமூளையையும் நினையுங்கள்

கம்பத்திலிருந்து குமுளிப் பக்கம் ஏலத்தோட்ட வேலைக்கு ஜீப்பில் போகிறவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பக்கவாதம் வந்து வலது கை துவண்டு பேச்சும் குழறினால், பெரும்பாலும் பாதிப்பு இடது பெருமூளையில். அது பலருக்கும் தெரியும்.

தெரியாமல் போவது பின்மண்டையில் இருக்கும் சிறுமூளை. நடையும் சமநிலையும் அதன் பொறுப்பு. அங்கே ரத்தம் தடைபட்டாலும் பக்கவாதம்தான், ஆனால் கை கால் பலம் அப்படியே இருக்கலாம். ஆள் மட்டும் திடீரென்று தள்ளாடுவார், வாந்தி எடுப்பார். மலைப்பாதைக் குலுக்கல், பித்தம் என்று நாமும் எலுமிச்சையை முகரக் கொடுத்து உட்கார வைத்துவிடுகிறோம். தயவுசெய்து வேண்டாம். அடைப்பைக் கரைக்கும் ஊசிக்கு 4.5 மணி நேரம்தான் கெடு. தொடங்கிய நேரத்தைக் குறித்துக்கொண்டு உடனே 108-ஐ அழையுங்கள். எல்லைக்கு இரு பக்கமும் அதே எண்தான். அப்புறம், குடிக்க எதுவும் கொடுக்காதீர்கள், புரையேறிவிடும்.