அனோரெக்சியா சிகிச்சையில் துணையைச் சேர்க்கும்போது நாம் சொதப்பும் இடங்கள்

போன மாதம் புதிதாகச் சேர்ந்த சிகிச்சையாளர் ஒருவர் என் மேசையில் ஒரு நோட்டுப் புத்தகத்தை வைத்தார். முகத்தில் அவ்வளவு பெருமை. முப்பது வயதைத் தாண்டிய ஒரு பெண்ணுக்கு அனோரெக்சியா, அதாவது எடை கூடிவிடுமோ என்ற பயத்தில் சாப்பாட்டை ஒதுக்கி ஒதுக்கி மெலிந்துபோகும் மனநோய். அவர் காலையில் என்ன சாப்பிட்டார், எவ்வளவு மிச்சம் வைத்தார், எழுந்துபோய் எத்தனை நிமிடம் குளியலறையில் இருந்தார் என்று கணவர் கட்டம் போட்டு எழுதியிருந்தார். "எவ்வளவு ஒத்துழைக்கிறார் பாருங்கள்" என்றார் ஜூனியர். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. இதே மாதிரி நோட்டு ஒன்றை நானும் ஒருவரை எழுத வைத்திருக்கிறேன்.

நேரத்துக்கு வருவது, குறிப்பு எழுதி வைப்பது, மருத்துவரோடு தொடர்பில் இருப்பது இதெல்லாம் யாரும் சொல்லித் தெரியவேண்டியதில்லை. விட்டுவிடுகிறேன்.

துணையைத் தட்டுக்குக் காவல் வைப்பது

இந்தத் தவறு படிப்பிலிருந்தே வருகிறது. லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் உருவான குடும்பச் சிகிச்சையை எல்லோரும் படித்திருப்போம். சாப்பாட்டுப் பொறுப்பைப் பெற்றோர் முழுக்கத் தங்கள் கையில் எடுத்துக்கொள்வார்கள், பிள்ளை தேறத் தேறக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கொடுப்பார்கள். நல்ல முறைதான். ஆனால் 1987-இல் அந்தக் குழுவினர் வெளியிட்ட ஆய்வில், குடும்பச் சிகிச்சை தெளிவாகக் கைகொடுத்தது 19 வயதுக்கு முன்பே நோய் தொடங்கி, 3 ஆண்டுகளுக்கு மேல் நீளாதவர்களுக்குத்தான். அதை மறந்துவிட்டு, அப்பா அம்மா இருந்த நாற்காலியில் கணவரையோ மனைவியையோ உட்கார வைத்துவிடுகிறோம்.

என் கதையைச் சொல்கிறேன், அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றி. அந்தக் கணவர் மிகவும் நல்லவர். "நான் என்ன செய்யணும், சொல்லுங்க" என்று முதல் அமர்விலேயே கேட்டார். எழுதச் சொன்னேன். வாரம் ஒருமுறை எனக்கு அனுப்பச் சொன்னேன். முதல் மூன்று வாரம் எடை ஏறியது, நானும் பூரித்துப்போனேன். நான்காவது வாரம் துணி அலமாரியின் அடியில் காகிதத்தில் சுற்றி ஒளித்து வைத்த சாப்பாட்டை அவர் கண்டுபிடித்தார். அன்றிரவு பெரிய சண்டை. அடுத்த அமர்வில் அந்தப் பெண் என்னைப் பார்த்து, "எனக்கு அப்பா ஏற்கெனவே ஒருத்தர் இருக்கார். புருஷன்தான் இல்லாமப் போயிட்டார்" என்றார். அதற்குப் பிறகு இருவருமே வரவில்லை.

யோசித்துப் பார்த்தால், நான் ஒளிப்பதற்கு ஒரு காரணத்தை உண்டாக்கிக் கொடுத்திருந்தேன். அனோரெக்சியா ஏற்கெனவே ரகசியத்தில் வாழும் நோய். வீட்டுக்குள்ளேயே ஒரு கண்காணிப்பாளர் முளைத்தால், ஒளிப்பதில் இன்னும் கெட்டிக்காரத்தனம் வரும், அவ்வளவுதான். கணவருக்கும் அது நரகம். எழுதினால் துரோகி, எழுதாவிட்டால் பொறுப்பில்லாதவர். இதில் எனக்கு இன்றும் எரிச்சல் தருவது, அந்த நோட்டு யாருடைய பதற்றத்தைத் தணித்தது என்பதுதான். என்னுடையதை. வாரா வாரம் கையில் ஒரு தாள் இருந்தால் சிகிச்சை நடப்பது போல எனக்கே ஒரு நிம்மதி.

பின்னால்தான் வட கரோலினா பல்கலைக்கழகத்தில் சிந்தியா புலிக், டொனால்ட் பாகம் குழுவினர் உருவாக்கிய 'யூகேன்' திட்டத்தைப் படித்தேன். வயதுவந்த அனோரெக்சியா நோயாளிகளுக்காகவே அமைத்த தம்பதி சிகிச்சை அது. தனிநபர் சிகிச்சை, உணவியல் நிபுணர், மருத்துவர் எல்லாம் அப்படியே தொடரும், இது கூடுதலாகச் சேரும். சாப்பாட்டில் நேராகக் கை வைக்க மாட்டார்கள். முதலில் இருவருக்கும் பேசக் கற்றுக்கொடுப்பார்கள். மனதில் இருப்பதைப் பகிர்ந்துகொள்ளும் பேச்சு ஒன்று, சேர்ந்து முடிவெடுக்கும் பேச்சு இன்னொன்று. இரண்டையும் குழப்பிக்கொள்ளும்போதுதான் பாதிச் சண்டை வருகிறது. மனைவி "பயமா இருக்கு" என்கிறார், கணவர் உடனே "அப்ப பாதியாவது சாப்பிடு" என்கிறார். அவர் பகிர்ந்தார், இவர் தீர்ப்பு சொல்லிவிட்டார்.

இப்போது நான் நோயாளியிடமே கேட்கிறேன்: சாப்பிடும் நேரத்தில் துணை என்ன செய்தால் உதவி, என்ன செய்தால் தொல்லை? ஒருவர் சொன்னது நினைவில் நிற்கிறது. "பக்கத்துல உக்காரட்டும், தட்டைப் பாக்க வேண்டாம். சாப்பிட்டு முடிச்சதும் அரை மணி நேரம் என்னைத் தனியா விட வேண்டாம்." பலருக்கும் சாப்பிட்டு முடித்த பிறகுதான் குற்ற உணர்வு உச்சத்துக்குப் போகும். நோட்டு எழுதிய அந்தக் கணவரை அந்த நேரத்தில் மனைவியோடு உட்கார வைத்திருக்கலாம். அவரோ அப்போது எழுதிக்கொண்டிருந்தார்.

ஒரு விலக்கு உண்டு. மயக்கம், நெஞ்சுப் படபடப்பு, சாவைப் பற்றிய பேச்சு இவற்றில் எது வந்தாலும் துணை யாருடைய அனுமதியும் கேட்காமல் உதவிக்கு அழைப்பார். இதை முதல் அமர்விலேயே மூவரும் சேர்ந்து ஒப்புக்கொள்ள வேண்டும். அப்போது அது காட்டிக்கொடுப்பது ஆகாது.

எடை பார்க்கும் வேலையை வீட்டுக்கு அனுப்புவது

வேண்டாம். அது கிளினிக்கின் வேலை.

அன்பு மிகுதியில் அள்ளிப் போடவிடுவது

மிகவும் மெலிந்தவர் திடீரென்று நிறையச் சாப்பிட்டால் ரத்தத்தில் பாஸ்பேட் சரிந்து இதயம் வரை பாதிக்கலாம். துணைக்கு இது தெரிந்திருக்க நியாயமில்லை. நாம்தான் சொல்ல வேண்டும்.

'பசியின்மை' என்ற சொல்லோடு விட்டுவிடுவது

தமிழில் இந்த நோய்க்குப் பசியின்மை என்று பெயர் வைத்ததில் ஒரு வம்பு இருக்கிறது. துணை அதைக் கேட்டதும், பசி எடுத்தால் சரியாகிவிடும் என்று நினைத்துக்கொள்கிறார். பெரும்பாலும் பசி இருக்கும். பசியோடு மல்லுக்கட்டுவதுதான் நோய். நான் 1944-45-இல் ஆன்சல் கீஸ் நடத்திய மினசோட்டா ஆய்வைச் சொல்வேன். ஆரோக்கியமான 36 ஆண்கள் ஆறு மாதம் அரைப்பட்டினி இருந்தார்கள். எந்நேரமும் சாப்பாட்டு நினைப்பு, எரிச்சல், மனச்சோர்வு, ஒதுங்கிப்போவது, தாம்பத்திய ஆசை வற்றிப்போவது என்று எல்லாம் வந்தது. இதைக் கேட்டு ஒரு கணவர், "அப்ப அவளுக்கு என்னைப் பிடிக்காம இல்லையா?" என்றார். நான்கு வருடமாக மனதுக்குள் வைத்திருந்த கேள்வியாம் அது.

நெருக்கத்தைப் பற்றி வாய் திறக்காமல் இருப்பது

மேலே சொன்ன கணவரைப் போல, கேட்காவிட்டால் அவர்களாகச் சொல்ல மாட்டார்கள். நமக்குக் கூச்சமாக இருக்கிறது என்பது சாக்கு. தன் உடம்பைக் கண்ணாடியில் பார்க்கவே முடியாதவருக்கு, இன்னொருவர் தொடும்போது எப்படி இருக்கும்? இடுப்பில் கை வைத்தால் அளவெடுப்பது போல இருக்கிறது, தோளில் வைத்தால் பரவாயில்லை என்று ஒருவர் சொன்னார். அந்த ஒரு வரியை வைத்து அந்தத் தம்பதியோடு இரண்டு அமர்வு பேசினோம்.

மாதவிலக்கு நின்றிருந்தாலும் கரு உருவாக வாய்ப்பு உண்டு. அதையும் சேர்த்தே சொல்லிவிடுங்கள்.

"தேறிட்டியே!" என்ற பாராட்டு

நோயாளியின் காதில் அது "குண்டாயிட்டியே" என்றுதான் விழும். உடம்பைப் பற்றிய பேச்சே வேண்டாம். "இன்னிக்கு ரொம்ப நாளுக்கப்புறம் சிரிச்சே" என்று சொல்லலாம்.

துணைதான் காரணமோ என்று துருவுவது

துருவாதீர்கள்.

எல்லோரையும் சேர்த்தே ஆகவேண்டும் என்று நினைப்பது

அடி, மிரட்டல், தோற்றத்தைச் சொல்லிக் குத்துவது இருக்கும் வீட்டில் துணையை அறைக்குள் அழைத்தால், நாம் அவர் கையில் ஆயுதம் கொடுக்கிறோம். அதனால் தம்பதியாக உட்கார்வதற்கு முன் இருவரையும் தனித்தனியாக ஒருமுறை பார்த்துவிடுகிறேன்.

அந்த ஜூனியரிடம் இதையே சொன்னேன். நோட்டை என்ன செய்வது என்று கேட்டார். அந்தப் பெண்ணிடமே கொடுத்து, இதில் எது உதவியாக இருந்தது, எது தொல்லையாக இருந்தது என்று கேட்கச் சொன்னேன். அந்தப் பெண் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டாராம்: கணவர் ஒரு கட்டத்தின் ஓரத்தில், "இன்று அவள் பாட்டு முணுமுணுத்தாள்" என்று எழுதியிருந்த பக்கம்.